உபரி காட்டும் நகராட்சி நிதிநிலை அறிக்கையும் வந்து சேராத சம்பளமும்: விளக்கம் வேண்டும்

மாடவீதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காவிரி டெல்டாவில் உள்ள ஒரு நகராட்சியில் முப்பத்திரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள்; எண்களைக் கண்டு அஞ்சுகிறவள் அல்ல. ஆனாலும் எங்கள் நகராட்சியின் வரவு செலவுத் திட்ட மதிப்பீட்டை ஒரு வாரமாகக் கையில் வைத்துப் புரட்டியும் ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவில்லை. விவரம் அறிந்தவர்கள் இங்கே இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன்.

என் வீடு ஏறத்தாழ 1,100 சதுர அடி. 2022-க்கு முன் அரையாண்டுக்கு 640 ரூபாய் சொத்து வரி கட்டிவந்தேன். அந்த ஆண்டு ஏப்ரலில் நடந்த சீராய்வில் 600 முதல் 1,200 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 50 சதவீதம் கூட்டினார்கள், 960 ஆனது. 2024 அக்டோபரில் 6 சதவீதம் சேர்ந்து 1,018 ஆயிற்று. அரையாண்டின் முதல் மாதத்திலேயே கட்டி 5 சதவீத ஊக்கத்தொகையும் பெற்றுவிடுகிறேன். வரி கூடியதைக் குறையாகச் சொல்ல நான் வரவில்லை. பல ஆண்டுகள் உயராமலே இருந்த வரி ஒருநாள் உயரத்தான் வேண்டும்.

என் மனத்தை உறுத்துவது வேறு. எங்கள் தெருவில் காலையில் வண்டியோடு வந்து மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து வாங்கிச் செல்லும் பெண் ஒருவர் இருக்கிறார். கடந்த தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது, இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை என்றும் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வட்டிக்கு வாங்கியிருப்பதாகவும் சொன்னார். அடுத்த வாரமே எங்கள் வார்டு உறுப்பினரிடம் கேட்டு நிதிநிலை அறிக்கையின் நகல் ஒன்றை வாங்கினேன். அதன் கடைசிப் பக்கத்தில் பற்றாக்குறை இல்லை. உபரி என்று போட்டிருக்கிறது. உபரி இருக்கும் இடத்தில் குப்பை அள்ளுகிறவருக்குக் கொடுக்கப் பணம் இல்லாமல் போவது எப்படி?

இன்னொன்றும் கவனித்தேன். தூய்மைப் பணியாளர் சம்பளம் என்ற தலைப்பில் ஒதுக்கிய தொகை முந்தைய ஆண்டுகளைவிடக் குறைந்துகொண்டே வருகிறது. தெருவிலோ ஆட்கள் குறையவில்லை. அப்படியானால் அந்தப் பெண்ணின் சம்பளம் இந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

கணக்குப்பேரேடு எழுதியது:

அம்மா, வணக்கம். நான் நகராட்சிகளின் கணக்குப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்கள் இரண்டு கேள்விகளும் ஒரே கேள்விதான் என்பது என் எண்ணம். ஆனால் முதலில் உபரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பாராட்டவும் கூடாது, பழிக்கவும் கூடாது.

தமிழ்நாட்டு நகராட்சியின் நிதிநிலை அறிக்கை ஒரே பை அல்ல, மூன்று பைகள். வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி என்று மூன்றும் தனித்தனியாக நடக்கும். நீங்கள் கட்டும் அரையாண்டுத் தொகை ரசீதில் ஒன்றாகத் தெரிந்தாலும், உள்ளே பொது வரி, குடிநீர் மற்றும் வடிகால் வரி, கல்வி வரி என்று பிரிந்து அந்தந்தப் பைக்குப் போகிறது. அதோடு வசூலாகும் நூலக வரி நகராட்சியின் பணமே அல்ல. 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டிய தொகை அது. கடைசிப் பக்கத்தில் இந்த மூன்று நிதிகளின் மீதியையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதுவார்கள். கல்வி நிதியில் மீதி இருந்து வருவாய் நிதி வறண்டு கிடந்தாலும் கூட்டுத்தொகை உபரி என்றே வரும். ஆகவே கடைசிப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு வருவாய் நிதியை மட்டும் தனியாகப் பாருங்கள்.

அந்த வருவாய் நிதியின் தொடக்க இருப்பிலும் கவனம் வேண்டும். வங்கியில் கிடப்பதெல்லாம் செலவழிக்கத்தக்க பணம் அல்ல. ஒப்பந்தக்காரர்கள் கட்டிய வைப்புத்தொகை, கடை ஏலத்தில் எடுத்தவர்களின் முன்வைப்பு ஆகியவை என்றோ ஒருநாள் திருப்பித் தர வேண்டியவை. அடுத்தது மானியங்கள். மத்திய அரசின் 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குப் பத்து லட்சத்துக்கு உட்பட்ட மக்கள் தொகை கொண்ட நகரங்களுக்குப் பரிந்துரைத்த மானியத்தில், 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் சரிபாதியாக ஒதுக்கிக் கட்டிப் போட்டுவிட்டது. மீதி 40 சதவீதம் நிபந்தனையற்றது என்பார்கள். ஆனால் அதிலிருந்தும் சம்பளமோ நிர்வாகச் செலவோ கொடுக்கக் கூடாது என்பது விதி. வீட்டில் ஒருவருக்கு மருந்து வாங்கப் பணம் இல்லாத நேரத்தில், வீடு கட்டுவதற்கென்று வங்கி கொடுத்த கடன் கணக்கில் கிடப்பதைப் போன்ற நிலை இது.

மூன்றாவது காரணம்தான் பலருக்கும் தெரியாதது. நம் மாநிலத்தின் நகராட்சிகளும் மாநகராட்சிகளும் 2000-ஆம் ஆண்டை ஒட்டியே திரள்முறைக் கணக்கியலுக்கு மாறிவிட்டன. அந்த முறையில், இந்த அரையாண்டுக்கு உங்கள் வீட்டுக்கு 1,018 ரூபாய் கேட்பு, அதாவது கட்ட வேண்டிய தொகை, எழுதிய அன்றே அது வருமானமாகிவிடும். நீங்கள் கட்டினீர்களா இல்லையா என்பது வேறு பக்கத்தில் நிலுவையாக நிற்கும். முறை தவறானது அல்ல, நல்ல முறைதான். எவ்வளவு வர வேண்டியிருக்கிறது என்பதை அது மறைப்பதில்லை. ஆனால் அதைப் படிக்கிறவர் வருமானத்தையும் ரொக்கத்தையும் ஒன்றாக நினைத்துவிட்டால், வராத வரியை வைத்து உபரி காட்டிய புத்தகம் ஊரையே ஏமாற்றியதாகத் தோன்றும். கேட்பு, வசூல், நிலுவை என்று மூன்று பத்திகள் கொண்ட ஒரு பட்டியலை வருவாய்ப் பிரிவு ஒவ்வொரு மாதமும் தயாரிக்கிறது. நிதிநிலை அறிக்கையின் ஐம்பது பக்கங்களைவிட அந்த ஒரு தாள் உண்மையைச் சொல்லும்.

டெல்டா நகராட்சிகளில் பணியாற்றியதால் எனக்குத் தெரிந்த ஒன்றையும் இங்கே சேர்க்கிறேன். இரண்டாவது அரையாண்டு அக்டோபரில் தொடங்குகிறது. அக்டோபரில் நம் ஊர்களில் யார் கையில் பணம் இருக்கும்? குறுவை விற்ற பணம் சம்பா நடவுக்குப் போயிருக்கும், மழை தொடங்கியிருக்கும், தீபாவளிச் செலவு வேறு. சம்பா அறுவடையாகி, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக்கு வந்த பிறகே, அதாவது மாசி, பங்குனியில்தான் வரி கட்ட வரிசை நிற்கும். மார்ச் மாதக் கடைசி இரண்டு வாரங்களில் வசூல் மையங்களை இரவு வரை திறந்து வைத்து வாங்கியிருக்கிறோம். செலவு அப்படிக் காத்திருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன் வடிகால்களைத் தூர்வாருவதும், மழைக்காலத்தில் மருந்தடிப்பதும், அள்ள அள்ளக் குறையாத குப்பையும் ஐப்பசி, கார்த்திகையில்தான் உச்சத்துக்குப் போகும். வேலை மிகுந்திருக்கும் மாதமும் பெட்டி காலியாக இருக்கும் மாதமும் ஒன்றாக வந்து விழுவது நம் வட்டாரத்தின் நிலை. இதை ஆண்டுதோறும் தெரிந்துகொண்டே, அதற்கென்று ஒரு தொகையைக் கோடையிலேயே தனியாக எடுத்து வைக்காமல் இருப்பது என்னைப் போன்ற கணக்கர்களின் குறை. நான் பணியில் இருந்தபோது இதை எழுத்து மூலம் சொல்லியிருக்க வேண்டும், ஒருமுறைதான் சொன்னேன்.

இடைவெளியை நிரப்புவது மாநில அரசின் பகிர்வு நிதி. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. அதிலும் கடன் தவணை, குடிநீர் வாரியத்துக்குத் தர வேண்டிய கட்டணம் போன்றவற்றைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புவதுண்டு. வந்த தொகை முதலில் நிரந்தரப் பணியாளர் சம்பளத்துக்கும் ஓய்வூதியப் பங்களிப்புக்கும் மின்கட்டணத்துக்கும் போகும். செய்த வேலைக்குப் பணம் கேட்டு ஒப்பந்தக்காரர் தரும் பட்டியல் (பில்) அதன் பிறகே மேசைக்கு வரும். உங்கள் தெருப் பெண்ணின் சம்பளம் அந்தப் பட்டியலுக்குள்தான் இருக்கிறது. அந்தப் பகுதியை இங்கே வேறு யாராவது என்னைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடும்.

குடமுருட்டி எழுதியது:

நான் சொல்கிறேன், ஐயா. என் அம்மா பதினோரு ஆண்டுகள் ஒப்பந்த முறையில் தூய்மைப் பணி செய்தவர். அவருக்காகப் படித்துத் தெரிந்துகொண்டவையே நான் இங்கே எழுதுவன எல்லாம்.

ஆசிரியை அம்மா கேட்ட இரண்டாவது கேள்விக்கு விடை இது. அந்தப் பெண்ணின் சம்பளம் "சம்பளம்" என்ற தலைப்பில் இருக்காது. திடக்கழிவு மேலாண்மை, இயக்கமும் பராமரிப்பும் என்பன போன்ற தலைப்புகளைத் தேடுங்கள். அங்கே வண்டிக்கு டீசல், உதிரிப் பாகம், பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றோடு வெளிமுகமைப் பணிக்கான (ஒப்பந்தக்காரர் மூலம் செய்யும் வேலைக்கான) தொகை என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குள்தான் சில நூறு குடும்பங்களின் சோறு இருக்கிறது. நிரந்தரப் பணியாளர் ஒருவர் ஓய்வு பெறும்போது அந்த இடம் நிரப்பப்படுவதில்லை. வேலை ஒப்பந்தத்துக்குப் போகிறது. செலவு சம்பளத் தலைப்பிலிருந்து பராமரிப்புத் தலைப்புக்கு நகர்கிறது. சம்பளச் செலவு குறைந்துவிட்டதாகப் புத்தகம் காட்டுவது இதனால்தான். மாநகராட்சிகளில் இதை 2022-ல் வந்த அரசாணை 152 இன்னும் விரைவுபடுத்தியது; அதை நீக்க வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் தொடர்ந்து போராடிவருகின்றன.

வேறுபாடு எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும். நிரந்தரத் தூய்மைப் பணியாளர், மாநில அரசின் 2017-ஆம் ஆண்டு ஊதியத் திருத்தத்தின் முதல் நிலையில் வருகிறார். தொடக்க அடிப்படை ஊதியம் 15,700 ரூபாய். 2025 ஜனவரி நிலவரப்படி 55 சதவீத அகவிலைப்படி சேர்த்தால் 24,335 ரூபாய். அதற்கு மேல் வீட்டு வாடகைப்படி உண்டு, ஆண்டுக்கு 3 சதவீத ஊதிய உயர்வு உண்டு, விடுப்பு உண்டு. ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு நாள் கூலி; அதை மாவட்ட அளவில் நிர்ணயிக்கிறார்கள். என் அம்மா வேலையை விட்ட ஆண்டில் எல்லாப் பிடித்தமும் போகக் கையில் வந்தது பத்தாயிரம் ரூபாயைத் தாண்டவில்லை. அவர் தள்ளிய வண்டியும் அதே வண்டி, அள்ளிய குப்பையும் அதே குப்பை. பதினோரு ஆண்டுகளில் மூன்று ஒப்பந்தக்காரர்கள் மாறினார்கள்; ஒவ்வொரு முறையும் அவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவராகவே கணக்கில் எழுதப்பட்டார்.

பிடித்தம் என்று சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு உதவ நினைத்தால் அங்கிருந்து தொடங்குங்கள். வருங்கால வைப்பு நிதிக்குத் தொழிலாளர் பங்கு 12 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 12 சதவீதம். தொழிலாளர் காப்பீட்டுக்குத் தொழிலாளர் 0.75 சதவீதமும் நிறுவனம் 3.25 சதவீதமும் செலுத்த வேண்டும்; மாத ஊதியம் 21,000 வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். இரண்டையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். சம்பளத்தில் பிடித்துக்கொண்டு, கட்ட வேண்டிய இடத்தில் கட்டாமல் விடுவது சம்பளம் தாமதமாவதைவிடக் கொடுமையானது, ஏனென்றால் அது நடந்ததே தொழிலாளருக்குத் தெரிவதில்லை. என் அம்மாவின் கணக்கில் பதினான்கு மாதங்கள் வெறுமையாக இருந்ததை, அவர் வேலையை விட்ட பிறகு பணம் எடுக்கப் போனபோதுதான் கண்டோம். அந்தப் பெண்ணிடம் யுஏஎன் எண், அதாவது வைப்பு நிதிக் கணக்குக்கான அடையாள எண், இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் உமங் செயலியில் அவருடைய கணக்குப் புத்தகத்தைத் திறந்து மாதம் மாதமாகப் பார்த்துச் சொல்லுங்கள். படித்தவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் செய்யும் இந்த உதவி, எங்களுக்கு அன்று கிடைக்கவில்லை.

ஒப்பந்தக்காரர் கொடுக்கவில்லை, நாங்கள் என்ன செய்வது என்று அலுவலகத்தில் சொல்வார்கள். அது முழு விடை அல்ல. 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் தொட்டே, ஒப்பந்தக்காரர் கூலி தரத் தவறினால் முதன்மை வேலையளிப்பவர் அதைக் கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரரிடமிருந்து பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் நிலை. இங்கே முதன்மை வேலையளிப்பவர் நகராட்சியே.

கடைத்தெரு எழுதியது:

மூவர் எழுதியதையும் படித்தேன். நான் நகராட்சிக்குச் சொந்தமான கடை ஒன்றில் இருபது ஆண்டுகளாகப் பாத்திரக் கடை நடத்துகிறவன். தூய்மைப் பணியாளருக்கு உரிய நாளில் சம்பளம் தர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பணம் இல்லை என்றதும் அடுத்த பேச்சு வரியைக் கூட்டுவது என்றாகிவிடுகிறது. ஏற்கெனவே ஒழுங்காகக் கட்டுகிறவன் மீதே மறுபடியும் சுமை ஏறும் என்ற அச்சத்தில்தான் இதை எழுதுகிறேன்.

ஆசிரியை அம்மாவின் வீட்டுக்கு 50 சதவீதம் கூட்டிய அதே 2022 சீராய்வில், வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம் கூட்டினார்கள். கடை வாடகை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 15 சதவீதம் உயர்ந்துவந்தது. தொழில் வரி தனி, உரிமக் கட்டணம் தனி, குப்பைக்கு மாதக் கட்டணம் தனி. கொரோனா ஆண்டுகளில் கடை மூடிக் கிடந்த மாதங்களின் வாடகைக்காக எங்களில் பலர் இன்னமும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறோம். நகராட்சிக் கடைகளின் வாடகை நிலுவை என்று செய்தியில் பெரிய எண்ணாகப் போடுகிறார்கள். அதில் பாதி, ஏலத்தில் கட்டுப்படியாகாத தொகைக்குக் கேட்டுவிட்டுத் திணறுகிறவர்களின் கதை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

என் தெருவிலேயே கீழே ஒரு தளத்துக்கு மட்டும் வரி போட்டு, மேலே கட்டிய இரண்டு தளங்களுக்கு வரி போடாத கட்டடங்கள் உண்டு. வீடு என்று பதிவாகி உள்ளே கிடங்காக நடப்பவையும் உண்டு. புறவழிச்சாலையை ஒட்டி வயலை மனையாக்கி விற்றிருக்கிறார்கள். காலிமனை வரி அவற்றில் எத்தனைக்கு விதிக்கப்பட்டது? இவற்றையெல்லாம் அளந்து வரி போட்ட பிறகும் பற்றவில்லை என்றால், என் கடைக்குக் கூட்டுங்கள், நான் தடுக்க மாட்டேன்.

கணக்குப்பேரேடு எழுதியது:

கடைத்தெரு ஐயா சொல்வதில் நியாயம் பெரிது. பெரும்பாலான நகராட்சிகளில் பணம் ஒளிந்திருப்பது வரி விகிதத்தில் அல்ல, வரிப் பதிவேட்டில் ஏறாத கட்டடங்களில்தான். கட்டட அனுமதி கொடுக்கும் பிரிவும் வரி போடும் பிரிவும் மின்வாரியமும் ஒரே கதவு எண்ணை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தாலே விடுபட்டவை வெளிவரும். வணிக மின்இணைப்பு பெற்ற கட்டடம் நகராட்சிப் பதிவேட்டில் குடியிருப்பாக நின்றால், அதைக் கண்டுபிடிக்கப் பெரிய அறிவு தேவையில்லை; ஒரு பில் கலெக்டருக்கு இருபது தெரு என்று பிரித்துக் கொடுத்து மூன்று மாதம் நடக்க விட்டால் போதும். ஆனால் பில் கலெக்டர் பணியிடங்களும் காலியாகவே கிடக்கின்றன. இங்கேயும் நாம் ஊதியத்துக்கே திரும்பி வருகிறோம்: வசூலிக்கிறவருக்குச் சம்பளம் கொடுப்பதைச் செலவு என்று மட்டும் பார்த்து மிச்சம் பிடித்தால், மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு வரி நிலுவையில் போய்ச் சேரும்.

ஒன்றில் மட்டும் நான் மாறுபடுகிறேன், ஐயா. வரியை ஒரேயடியாக உயர்த்தியது நகராட்சி தானாக விரும்பிச் செய்தது அல்ல. சென்னை நீங்கலான மற்ற நகரங்களில் 2008-க்குப் பிறகு சீராய்வே இல்லை. 2018-ல் உயர்த்தியதை அடுத்த ஆண்டே நிறுத்தி வைத்தார்கள். சொத்து வரியைக் காலத்துக்கு ஏற்ப உயர்த்தாத மாநிலத்தின் நகரங்களுக்கு மானியம் இல்லை என்று 15-வது நிதிக்குழு நிபந்தனை போட்ட பிறகே 2022 சீராய்வு வந்தது. பதினான்கு ஆண்டுகள் சிறிது சிறிதாகக் கூட வேண்டியது ஒரே நாளில் தலையில் விழுந்தது. சிறிய வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீட்டுக்கு 100 சதவீதம் என்று படிகளாகப் பிரித்ததை நான் சரியானது என்றே கருதுகிறேன்.

மாடவீதி எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடி வருவாய் நிதியின் பக்கங்களை மட்டும் தனியாக எடுத்து, தொடக்க இருப்பை ஒதுக்கிவிட்டுக் கூட்டிப் பார்த்தேன். உபரி மறைந்துவிட்டது. திடக்கழிவு மேலாண்மையின் கீழ் வெளிமுகமைப் பணிக்கான அந்த ஒரு வரியையும் கண்டேன். சம்பளத் தலைப்பில் குறைந்த அளவுக்கு அந்தத் தொகை உயரவில்லை. அதாவது வேலையை மட்டும் ஒப்பந்தத்துக்கு மாற்றவில்லை, கூலியையும் குறைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள்.

நேற்று மாலை அந்தப் பெண்ணை வீட்டுக்கு அழைத்து, என் பேத்தியின் உதவியோடு வைப்பு நிதிக் கணக்கைப் பார்த்தோம். கடைசி ஐந்து மாதங்களுக்கு வரவு இல்லை. அதற்கு முன்னும் இடையிடையே இரண்டு மாதங்கள் விடுபட்டிருக்கின்றன. அவர் அதைப் பார்த்துவிட்டு எதுவும் பேசவில்லை; வண்டியை எடுக்க நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார். தேநீர் அப்படியே ஆறிக் கிடந்தது.

நான் என்ன செய்ய முடியும், எங்கே, எப்போது என்று சொல்லுங்கள். மனு எழுத எனக்குத் தயக்கம் இல்லை.

கணக்குப்பேரேடு எழுதியது:

அம்மா, நீங்கள் புரிந்துகொண்டது சரி.

காலத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். அடுத்த ஆண்டுக்கான மதிப்பீட்டைக் கணக்குப் பிரிவு மார்கழி, தை மாதங்களிலேயே எழுதத் தொடங்கிவிடும்; நடப்பு ஆண்டுக்கான திருத்திய மதிப்பீடும் அதோடு சேர்ந்தே தயாராகும். மார்ச் மாதக் கடைசிக்குள் மன்றத்தில் வைத்து நிறைவேற்றுவார்கள். மன்றக் கூட்டத்துக்கு வந்த பிறகு ஓர் எண்ணை மாற்றுவது மிகவும் கடினம். ஆகவே உங்கள் கோரிக்கை பொங்கலுக்கு முன்பே ஆணையர், தலைவர், உங்கள் வார்டு உறுப்பினர் ஆகிய மூவரின் கைக்கும் போய்ச் சேர வேண்டும். 2022 முதல் நகர்ப்புறங்களிலும், வார்டின் மக்கள் பகுதி வாரியாகக் கூடும் பகுதி சபைகள் நடைபெறுகின்றன. வருகிறவர்கள் குறைவு என்பதால் அங்கே நான்கு பேர் சேர்ந்து ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்தாலும் அது பதிவேட்டில் ஏறும்.

என்ன கேட்பது என்பது அதைவிட முக்கியம். "சம்பளம் கொடுங்கள்" என்று மட்டும் எழுதினால், நிதிநிலைக்கேற்ப வழங்கப்படும் என்று ஒற்றை வரியில் பதில் வரும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு முதலில் ஆவணங்களைக் கேளுங்கள்; 30 நாளில் பதில் தர வேண்டும். சொத்து வரியின் கேட்பு, வசூல், நிலுவைப் பட்டியலைக் கடந்த இரண்டு ஆண்டுகளுக்கு மாத வாரியாகக் கேளுங்கள். தூய்மைப் பணி ஒப்பந்தக்காரர் எந்தத் தேதியில் பட்டியல் கொடுத்தார், எந்தத் தேதியில் எவ்வளவு வழங்கப்பட்டது என்பதைக் கேளுங்கள். ஒவ்வொரு பட்டியலோடும் முந்தைய மாத வைப்பு நிதி, காப்பீட்டுத் தொகை கட்டியதற்கான சீட்டும் பணியாளர் பெயர்ப் பட்டியலும் இணைக்கப்பட்டிருந்தனவா என்று கேளுங்கள். இந்த மூன்றாவது கேள்விதான் நடுவில் இருக்கும் முடிச்சு. சீட்டு இணைக்காத பட்டியலுக்குப் பணம் கொடுத்திருந்தால், அது நகராட்சியின் தவறு. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை அதைத் தடை எழுப்பிக் கேட்கும். சீட்டு இருந்தும் கணக்கில் வரவில்லை என்றால், வேறு யாருடைய பெயரிலோ கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். எந்தப் பக்கம் போனாலும் விடை கிடைக்கும்.

பட்டியல்களின் தேதிகள் கைக்கு வந்தபின் மன்றத்துக்கு எழுதும் கோரிக்கையில் நான் சேர்க்கச் சொல்வது ஒன்றே ஒன்று. அக்டோபர் முதல் ஜனவரி வரையிலான நான்கு மாதங்களுக்குத் தேவையான தூய்மைப் பணிக் கூலியை, ஏப்ரல், மே மாதங்களில் வரும் வசூலிலிருந்தே தனி வங்கிக் கணக்கில் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். உங்களைப் போல முதல் மாதத்திலேயே கட்டுகிறவர்களின் பணம் அங்கே போய் நிற்கட்டும். இதற்குப் புதிய வரி தேவையில்லை. புதிய மானியமும் தேவையில்லை.

கடைத்தெரு எழுதியது:

அந்தக் கோரிக்கையில் எங்கள் வணிகர்களும் கையெழுத்துப் போடுவோம். வரிப் பதிவேட்டில் விடுபட்ட கட்டடங்களை அளக்க வேண்டும் என்ற வரியையும் அதில் சேர்த்துவிடுங்கள், அம்மா. அறுபது கையெழுத்துக்கு நான் பொறுப்பு.

குடமுருட்டி எழுதியது:

ஒரு வேண்டுகோள். மனுவிலும் தகவல் கேட்கும் விண்ணப்பத்திலும் அந்தப் பெண்ணின் பெயரையோ, அவருடைய கணக்கு எண்ணையோ, உங்கள் தெருவின் பெயரையோ எழுத வேண்டாம், அம்மா. என் அம்மாவுக்காக நாங்கள் பெயர் எழுதி மனு கொடுத்த மறுவாரமே அவரை ஊரின் மறுகோடியில் உள்ள வார்டுக்கு மாற்றினார்கள்; காலை ஐந்தரை மணிக்கு வருகைப் பதிவுக்குப் பேருந்து இல்லாத ஊரில், ஐம்பத்து மூன்று வயதில் அவர் நடந்தே போனார். முழு நகராட்சிக்கும், எல்லா வார்டுகளுக்கும், ஒப்பந்தத்தில் உள்ள அனைவருக்கும் என்று கேளுங்கள். அவருடைய ஏழு மாத நிலுவைக்குத் தனியாக வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தில் புகார் பதிவு செய்யலாம். அதற்கு அவர் சம்மதித்தால் மட்டும் செய்யுங்கள். அவரிடம் ஊதியச் சீட்டு ஏதாவது இருந்தால், வங்கியில் கூலி வரவான பக்கத்தின் நகலோடு சேர்த்துப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். விண்ணப்பத்தின் வாசகத்தை எழுதி இங்கே போட்டால் நான் இன்றிரவே பார்த்துத் திருத்தித் தருகிறேன்.